இல்லாத தீர்ப்புக்குப் பக்க எண் வந்தது எப்படி?

2019 ஆகஸ்டில் எல் சால்வடோரிலிருந்து நியூயார்க் போன ஏவியான்கா விமானத்தில், உணவு கொண்டுவரும் இரும்பு வண்டி இடித்து ஒரு பயணிக்கு முழங்காலில் அடிபட்டது. அவர் நஷ்டஈடு கேட்டு 2022இல் வழக்குப் போட்டார். பன்னாட்டு விமானப் பயணங்களுக்கான மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி இரண்டு ஆண்டுக்குள் போட்டிருக்க வேண்டும், காலம் கடந்துவிட்டது என்றது நிறுவனம். நடுவில் அந்த நிறுவனம் திவால் நடவடிக்கையில் இருந்ததே, அந்த நாட்களைக் கழிக்க வேண்டாமா என்று கேட்டது பயணியின் தரப்பு. அப்படிச் சொல்லும் முன்தீர்ப்புகளை வக்கீல் சாட்ஜிபிடியிடம் தேடினார். கேட்டபடியே கிடைத்தன. 2023 மார்ச்சில் அவை நீதிமன்றத்துக்குப் போயின. எதிர்த்தரப்பு தேடிப் பார்த்தது. பலவற்றைக் காணவே இல்லை. ஆறு தீர்ப்புகள் முழுக்கக் கற்பனை.

அதில் ஒன்று 'வர்கீஸ் எதிர் சைனா சதர்ன் ஏர்லைன்ஸ்'. 925ஆம் தொகுதி, 1339ஆம் பக்கம், 2019 என்று துல்லியமான சைட்டேஷன், அதாவது தீர்ப்புத் தொகுப்பில் அந்தத் தீர்ப்பு எங்கே இருக்கிறது என்று காட்டும் குறிப்பு. இந்தத் துல்லியம் எங்கிருந்து வந்தது?

சாட்ஜிபிடிக்குள் தீர்ப்புகளை அடுக்கி வைத்த அலமாரி எதுவும் கிடையாது. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்பதை அது கற்றிருக்கிறது, அவ்வளவுதான். சைட்டேஷனுக்கு மாறாத அச்சு ஒன்று உண்டு: ஒரு பெயர், 'எதிர்', இன்னொரு பெயர், தொகுதி, பக்கம், நீதிமன்றம், ஆண்டு. பல்லாயிரம் முறை பார்த்த அச்சு என்பதால் இயந்திரம் அதைப் பிசகாமல் வார்க்கிறது. ஆனால் குறிப்பிட்ட ஒரு வழக்கின் எண் அது படித்ததில் ஓரிரு முறைதான் வந்திருக்கும். அது மனதில் பதிவதில்லை. பதியாத இடத்தையும் ஏதோ ஓர் எண் நிரப்பித்தான் ஆக வேண்டும். அதனால்தான் பொய்யான சைட்டேஷனும் மெய்யானதும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கின்றன.

அந்த வக்கீலுக்கும் சந்தேகம் வந்தது. வர்கீஸ் வழக்கு உண்மையா என்று சாட்ஜிபிடியிடமே கேட்டார். உண்மைதான், வெஸ்ட்லா, லெக்சிஸ்நெக்சிஸ் என்ற தீர்ப்புத் தேடும் தரவுத்தளங்களில் இருக்கிறது என்றது. எனக்கு இந்த வழக்கில் முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். அது எங்கேயும் போய்ச் சரிபார்த்துவிட்டு வந்து அப்படிச் சொல்லவில்லை. அப்படியொரு கேள்விக்கு எழுத்தில் வழக்கமாக எந்தப் பதில் தொடரும் என்று கணித்து, அதையும் எழுதியது. சாட்சியையும் அந்தச் சாட்சிக்கு நற்சான்றையும் ஒரே வாய் சொன்னது. வக்கீல் அந்த வெஸ்ட்லாவைத் தாமே திறந்து பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் விஷயம் முடிந்திருக்கும்.

இதற்காகச் செயற்கை நுண்ணறிவே வேண்டாம் என்று ஒதுக்குவதும் தவறு. ஏவியான்கா வழக்கு நடந்த இதே நியூயார்க் தெற்கு மாவட்ட கூட்டாட்சி நீதிமன்றத்தில்தான் 2012இல் நீதிபதி ஆண்ட்ரூ பெக், ஒரு வழக்கின் சுமார் 30 லட்சம் மின்னணு ஆவணங்களைக் கணினியை வைத்துச் சலிக்க அனுமதித்தார். வக்கீல்கள் சில ஆயிரம் மின்னஞ்சல்களைப் படித்து 'இது வேண்டும், இது வேண்டாம்' என்று குறிப்பார்கள். மென்பொருள் அதைப் பார்த்துக் கற்று, மற்றதை வரிசைப்படுத்தும். ஒதுக்கியதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பார்த்து, தவறு எவ்வளவு என்று அளந்துகொள்ளலாம். ஆள் வைத்துப் படித்தால் மாதக்கணக்காகும் வேலை இது. அந்தச் செலவு கடைசியில் கட்சிக்காரர் தலையில்தான் விழும். இங்கே இயந்திரம் புதிதாக எதையும் எழுதுவதில்லை. காகிதம் கண்முன்னே இருக்கிறது.

சரி, சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரியிடமும் காகிதத்தைக் கொடுத்துவிட்டால்? சட்டத்துக்கென்றே விற்கப்படும் புதிய கருவிகள் அதைத்தான் செய்கின்றன. முதலில் உண்மையான தீர்ப்புகளைத் தேடி எடுக்கும், அப்புறம் அவற்றை வைத்துப் பதில் எழுதும். பிழை நன்றாகவே குறைகிறது, ஆனால் தீரவில்லை. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2024இல் இத்தகைய கருவிகளைச் சோதித்தபோது, 17 முதல் 33 விழுக்காடு பதில்களில் கற்பனை கலந்திருந்தது. தீர்ப்பு நிஜமாகவே இருக்கும். அது சொல்லாததைச் சொன்னதாகப் பதிலில் வரும். தீர்ப்பே இல்லை என்றால் தேடினால் தெரிந்துவிடும். இந்தப் பிழையோ முழுத் தீர்ப்பையும் உட்கார்ந்து படிப்பவருக்குத்தான் பிடிபடும்.

கட்சிக்காரரின் ரகசியம் இன்னொரு கவலை. உள்ளிடுவதையெல்லாம் தன் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் கருவியில் அவருடைய விவரங்களைப் போடுவதற்கு முன், விளக்கிச் சொல்லி அவர் சம்மதத்தைப் பெற வேண்டும் என்று அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 2024 ஜூலையில் அறிவுறுத்தியது.

ஏவியான்கா வழக்கில் நீதிபதி கெவின் காஸ்டெல் 2023 ஜூன் 22 அன்று உத்தரவிட்டார். நம்பகமான செயற்கை நுண்ணறிவுக் கருவியின் உதவியைப் பெறுவது தன்னளவில் தவறில்லை என்று அதிலேயே எழுதினார். வக்கீல்கள் தீர்ப்புகளைச் சரிபார்க்காமல் கொடுத்ததோடு, கேள்வி எழுந்த பிறகும் அவற்றை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததுதான் அவர் கண்ட குற்றம். 5,000 டாலர் அபராதம். போலித் தீர்ப்புகளை எழுதியதாகக் காட்டப்பட்ட நிஜ நீதிபதிகள் ஒவ்வொருவருக்கும் கடிதம் அனுப்பித் தெரிவிக்க வேண்டும் என்றும் சொன்னார். அதே நாளில், காலம் கடந்தது என்ற காரணத்தால் முழங்கால் அடிபட்டவரின் வழக்கும் தள்ளுபடியானது.