காற்றை இறக்கினால் வண்டி ஏறும்

கொடைக்கானல் மலையில், பூம்பாறையைத் தாண்டி மன்னவனூர் போகிற வழியில், மழை விட்ட ஒரு காலையில், லாரி ஒன்று ஓரத்துச் சேற்றில் இறங்கி நின்றது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. சரக்கு ஏற்றுகிற இடத்தில் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து வீடாகவே மாற்றியிருந்தார்கள். எடை 12 டன் என்றார் ஓட்டி வந்தவர். டயர் ஒவ்வொன்றும் என் நெஞ்சு உயரம். அவர் இறங்கி, ஒவ்வொரு வால்வாகத் திறந்து காற்றை வெளியே விட ஆரம்பித்தார். பூண்டு மூட்டையோடு பிக்கப்பில் காத்திருந்த பெரியவருக்குப் பொறுக்கவில்லை.

“ஏப்பா, நல்லா இருக்கிற டயர்ல எதுக்குக் காத்தப் புடுங்குறாரு?”

அரை மணி நேரத்தில் வண்டி ரோட்டுக்கு ஏறிவிட்டது. பெரியவர் சிரித்துக்கொண்டே கிளம்பிப் போனார். அவருடைய கேள்விக்குப் பதில் சொல்ல யாரும் மெனக்கெடவில்லை.

வண்டியைத் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்றுதான். ரப்பர், நூல், கம்பி எல்லாம் சேர்ந்து அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் பை. கணக்குப் போட்டால் புரிந்துவிடும். 12 டன்னை நாலு சக்கரத்துக்குப் பிரித்தால் தலைக்கு 3,000 கிலோ. டயரில் காற்று 90 பிஎஸ்ஐ, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 6.3 கிலோ. வகுத்துப் பார்த்தால் டயர் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய 475 சதுர சென்டிமீட்டர். ஜெராக்ஸ் கடை ஏ4 தாளே 620 சதுர சென்டிமீட்டருக்கு மேல் வரும். அத்தனை பெரிய டயர் ஒரு தாளைவிடச் சின்ன இடத்தில் நிற்கிறது! சேறு என்ன செய்யும், உள்ளே வாங்கிக்கொள்ளும்.

காற்றை 45-க்கு இறக்கினால் அதே எடையைத் தாங்க இரண்டு மடங்கு இடம் வேண்டும். ஒன்றரைத் தாள் அளவுக்கு டயர் பரவும். பக்கச்சுவரின் விறைப்பும் கொஞ்சம் எடை தாங்குவதால் கணக்கு துல்லியமாக வராது, ஆனால் போக்கு இதுதான். இன்னொன்று, டயர் அகலத்தில் கொஞ்சமாகவும் முன்னும் பின்னுமாக நீளத்தில் அதிகமாகவும் பரவும். புல்டோசரின் சங்கிலிப் பட்டை மாதிரி. ஒரே நேரத்தில் அதிகப் பட்டன்கள், அதாவது டயரின் மேல் கட்டை கட்டையாக நிற்கும் ரப்பர், மண்ணைப் பிடிக்கும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் ஓட்டிய ‘டக்’ என்ற நீர்-நில லாரியில், ஓட்டுநர் உட்கார்ந்த இடத்திலிருந்தே டயருக்குக் காற்று ஏற்றி இறக்கும் ஏற்பாடே இருந்தது.

அப்படியென்றால் எப்போதும் காற்றைக் குறைத்தே ஓட்டலாமே? அங்கேதான் வம்பு. டயரின் பக்கச்சுவர் சுற்றி அடிப்பக்கம் வரும்போதெல்லாம் மடங்கி, பிறகு நிமிர்கிறது. இந்த லாரி டயரின் சுற்றளவு நாலு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மணிக்கு 60 கிலோமீட்டரில் போனால் ஒரு நிமிடத்துக்கு 250 தடவைக்கு மேல் மடங்கும். மடங்கிய ரப்பர் வாங்கிய ஆற்றலை முழுசாகத் திருப்பித் தராது, கொஞ்சத்தைச் சூடாக உள்ளேயே வைத்துக்கொள்ளும். ரப்பர் வழியாகச் சூடு சீக்கிரம் வெளியேறவும் செய்யாது. காற்று குறைந்தால் மடிப்பு ஆழமாகும், சூடு ஏறும், கடைசியில் ஒட்டியிருந்த அடுக்குகள் பிரிந்து டயர் வெடிக்கும். அதனால் காற்று இறக்கிய வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். கொண்டை ஊசி வளைவில் வேகமாகத் திருப்பினால் டயர் விளிம்பு, அதை மாட்டியிருக்கும் இரும்புச் சக்கரமான டிஸ்கை விட்டே கழன்றுவிடும்.

நைலானா ரேடியலா என்ற பழைய சண்டையும் இதில்தான் வருகிறது. நைலான் டயரில் நூல் அடுக்குகள் குறுக்கும் மறுக்கும் போகும். மடங்கும்போது ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும். மிஷலின் கம்பெனி 1946-இல் காப்புரிமை வாங்கிய ரேடியலில் நூல் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும், பட்டனுக்குக் கீழே கம்பிப் பட்டை இருக்கும். சுவர் இளகி மடங்கினாலும் அடிப்பாகம் தட்டையாகவே இருக்கும். காற்றை ஏற்றி இறக்கி ஓட்ட இதுதான் லாயக்கு. ஆனால் கீழ்மலையில் காப்பித் தோட்டத்துக் கல் பாதையில் ஜீப் ஓட்டுகிறவர்கள் இன்னும் நைலானை விடுவதில்லை. சுவர் கெட்டி, கல் கிழிக்காது என்பார்கள். அவர்கள் ஓட்டும் வேகத்துக்கு அதுவும் நியாயம்தான்.

பட்டன் விஷயத்தில் எனக்கு ஒரு கோபம் உண்டு. கட்டை கட்டையாகப் பிளந்து நிற்கும் சேற்று டயரைப் பார்த்ததும் வாங்கிவிடுகிறார்கள். பட்டன்களுக்கு நடுவே இடைவெளி பெரிதாக இருந்தால், சக்கரம் சுற்றும்போது சேறு தெறித்து வெளியேறும், அதுதான் அதன் பலம். நனைந்த தார் ரோட்டில் அதே இடைவெளி பலவீனம். தொடுகிற ரப்பரே குறைவு. கொடைக்கானலுக்கு வருகிற வண்டி ஓடுவதில் பெரும்பங்கு ஈரத் தார்தான். அங்கே, பட்டன் நெருக்கமாகவும் அதன் மேல் மெல்லிய கீறல்கள் போட்டதாகவும் இருக்கும் டயர்தான் நிற்கும்.

வாங்கும்போது பட்டனுக்கு முன்னால் பக்கச்சுவரைப் படியுங்கள். 150 என்று சுமை எண் இருந்தால் அந்த டயர் 3,350 கிலோ தாங்கும், 164 என்றால் 5,000 கிலோ. பக்கத்தில் ‘கே’ எழுத்து இருந்தால் மணிக்கு 110 கிலோமீட்டர் வரை. நீள்வட்டத்துக்குள் 2319 மாதிரி நாலு இலக்கம் இருக்கும். 2019-இன் 23-ஆவது வாரம் செய்த டயர் என்று பொருள். இப்படிப்பட்ட வீட்டு வண்டிகள் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும். பட்டன் தேய்வதற்கு முன்பே வெயிலிலும் ஓசோனிலும் சுவரில் வெடிப்பு விட்டுவிடும். அப்புறம் சைஸ். திண்டுக்கல் லாரி டயர் கடையில் 10.00-20 கேட்டால் கிடைக்கும். வெளிநாட்டு வண்டிக்கென்று வருகிற 395/85-20 கேட்டால் தேட வேண்டியதுதான்.

காற்றைப் பார்ப்பதிலும் மலை ஒரு விளையாட்டுக் காட்டும். மலையடிவாரத்து வத்தலக்குண்டில் 35 டிகிரியில் 90 பிஎஸ்ஐ பிடித்துவிட்டு, மறுநாள் காலை கொடைக்கானலில் 10 டிகிரியில் பார்த்தால் மீட்டர் 84 காட்டும். பஞ்சர் இல்லை. குளிரில் உள்காற்றின் அழுத்தம் எட்டரை குறைகிறது. மேலே, 2,100 மீட்டர் உயரத்தில், வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவு. மீட்டர் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் காட்டும் என்பதால் மூன்று பிஎஸ்ஐ போலத் திரும்பக் கூடுகிறது. மேலே 90-க்கு ஏற்றினால், கீழே இறங்கியதும் வண்டியை ஆறவிட்டுத் திரும்பப் பாருங்கள், 96 வரை வந்திருக்கும். ஓடிய சூட்டில் மட்டும் காற்றை இறக்காதீர்கள்.

பின்னால் ஜோடி டயர் போட்ட லாரிக்கு இன்னொரு தொல்லை: இரண்டுக்கும் நடுவே கல் சிக்கிக்கொள்ளும். ஒவ்வொரு சுற்றிலும் சுவரைத் தேய்த்துக்கொண்டே வரும். கம்பி வைத்து நெம்பி எடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். கரடுமுரடுக்கென்று கட்டும் வண்டிகளில் ஒற்றை டயர் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மன்னவனூர் வண்டிக்குத் திரும்புவோம். ரோட்டுக்கு வந்ததும் அவர் நகரவில்லை. வண்டியின் கம்ப்ரசரிலிருந்து நீளமான குழாயை இழுத்து, முதல் சக்கரத்தில் மாட்டினார். டிஸ்க் ஒரே துண்டாக இல்லாமல், டயரைப் பிடித்து வைக்க லாக் ரிங் என்ற இரும்பு வளையம் தனியாகப் போட்டது. காற்று ஏறும்போது அந்த ரிங் சரியாக உட்காராமல் தெறித்தால் ஆளைக் கொன்றுவிடும். டிஸ்க் ஓட்டைகள் வழியாகச் சங்கிலியைக் கோத்துக் கட்டிவிட்டு, பக்கச்சுவருக்கு எதிரே நிற்காமல் டயர் உருளும் திசையில் தள்ளி நின்றுகொண்டார். காற்று இறக்கினதைவிட ஏற்றத்தான் நேரம் பிடித்தது. நான் இரண்டு டீ குடித்து முடித்தபோது அவர் மூன்றாவது சக்கரத்தில் இருந்தார்.