ஊர் வரைபடப் புதிர்: தூரிகையைத் தொடுமுன் தீர்க்க வேண்டியவை

நூலகக் கூரையைச் செப்பனிடவோ விளையாட்டுத் திடலுக்கு வேலி போடவோ பொதுநிதி திரட்டும் குழுக்கள், தங்கள் ஊரின் ஓவிய வரைபடத்தை, துண்டுகளைப் பொருத்தி அடுக்கும் ஜிக்சா புதிராக அச்சிட்டு விற்கும் யோசனையோடு என்னைப் போன்ற வரைபட ஓவியர்களை நாடி வருகின்றன. யோசனை நல்லது, அதற்கு வரலாறும் உண்டு. 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற செதுக்கோவியர், புவியியல் கற்பிப்பதற்காக வரைபடங்களை மரப்பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைகளின் வழியே அறுத்து விற்றார். ஜிக்சா புதிரின் தொடக்கமாகப் பரவலாகக் கருதப்படுவது அதுதான். ஆனால், வருகின்றவர்களில் பலர் எப்போது வரைந்து முடிப்பீர்கள் என்றே முதலில் கேட்கிறார்கள். எந்த வரைபடத்தைப் பார்த்து வரையப் போகிறோம், அதில் யார் இடம்பெறுவார்கள், வரைந்த படம் யாருக்குச் சொந்தம் என்ற மூன்றும் தீராமல் நான் பென்சிலை எடுப்பதில்லை.

முதல் கேள்வியில்தான் ஆபத்து அதிகம். இணைய வரைபடம் ஒன்றைத் திரைப்பிடிப்பு எடுத்து, அதன்மேல் கோடு இழுத்தால் போதும் என்று நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஒரு தெரு எங்கே தொடங்கி எங்கே திரும்புகிறது என்ற உண்மை யாருடைய தனிச்சொத்தும் அல்ல. ஆனால் அதை ஒருவர் அளந்து, தேர்ந்தெடுத்து, வரைந்து தந்த வடிவத்துக்குப் பதிப்புரிமை உண்டு. தம் படைப்பை நகலெடுப்பவர்களைக் கண்டறிய, இல்லாத தெருவொன்றை வேண்டுமென்றே வரைபடத்தில் சேர்த்துவைக்கும் வழக்கமும் வரைபட வெளியீட்டாளர்களிடம் இருந்திருக்கிறது. பிரிட்டனில் அரசின் நில அளவை நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வே தொடுத்த பதிப்புரிமை வழக்கில், வாகன ஓட்டிகளுக்கான அமைப்பான ஆட்டோமொபைல் அசோசியேஷன் தரப்பு 2001ஆம் ஆண்டு 2 கோடி பவுண்டு தந்து சமரசம் செய்துகொண்டது. தொண்டுக்காக விற்கிறோம் என்பது மட்டுமே இத்தகைய உரிமையிலிருந்து விலக்குத் தந்துவிடாது.

பாதுகாப்பான வழிகள் இருக்கின்றன. தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் இணைய வரைபடமாக 2004இல் தொடங்கப்பட்ட ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், தன் தரவை வணிக நோக்கத்துக்கும் பயன்படுத்த அனுமதிக்கிறது. மூலத்தைக் குறிப்பிட வேண்டும் என்பது அதன் முக்கிய நிபந்தனை. அந்த ஒரு வரியைப் படத்தின் ஓரத்திலேயே அச்சிடுமாறு நான் வலியுறுத்துவேன், ஏனெனில் பெட்டி தொலைந்தாலும் படம் இருக்கும். பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய வரைபடத்தை அடிப்படையாகக் கொண்டு, தெருத்தெருவாக நடந்து அதைத் திருத்திக்கொள்வது இன்னொரு வழி.

இரண்டாவது கேள்வி, யார் இடம்பெறுவார்கள் என்பது. ஓவிய வரைபடம் அளவுவிகிதத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. நடுத்தெருவைப் பெரிதாக்கி, ஓரக் குடியிருப்புகளைச் சுருக்கி, சிலவற்றை விட்டுவிடும் அதிகாரம் ஓவியரின் கையில் இருக்கிறது. புதிரை வாங்குகிறவர் முதலில் தேடுவது தம் தெருவைத்தான். அது இல்லையென்றால், அவர் இழப்பது ஒரு பொம்மையை மட்டுமல்ல. ஆகவே எல்லையை எங்கே நிறுத்துவது என்பதை ஊரின் எல்லாப் பகுதியினரும் கூடிப் பேசி முடிவுசெய்ய வேண்டும். பணம் தருகிற கடையின் படத்தைப் பெரிதாக வரையச் சொல்வதை நான் ஏற்பதில்லை. நன்கொடையாளர் பெயர்களைப் பெட்டியின் பின்புறத்தில் தாராளமாக இடலாம். வரைபடத்தின் பரப்பை ஏலம் விட்டால், பணம் கொடுக்க இயலாதவர்களின் ஊர் படத்திலிருந்து நழுவிவிடும். தனியார் வீடுகளைக் குடியிருப்பவர் பெயரோடு காட்டுவதையும், அடையாளம் தெரியும்படி குழந்தைகளை வரைவதையும் அறவே தவிர்க்க வேண்டும்.

புதிருக்கான படத்தைச் சுவரில் மாட்டும் படத்தைப் போல வரைய முடியாது. ஏறத்தாழ 68 செ.மீ. நீளமும் 48 செ.மீ. அகலமும் உள்ள 1000 துண்டுப் புதிரில், ஒரு துண்டின் பக்கம் சராசரியாக 1.8 செ.மீ. மட்டுமே. வயலையோ ஏரியையோ ஒரே நிறத்தில் நிரப்பிவிட்டால், அடுக்குகிறவருக்குப் பிடிமானமே இராது. அங்கே ஒரு பறவை, ஒரு படகு, வரப்பின் நிழல் என ஏதாவது வேண்டும். வெட்டுக்கோடு எழுத்தின் குறுக்கே போகும் என்பதால், இடப்பெயர்களைச் சற்றுப் பெரிதாகவே எழுத வேண்டும். அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று கணக்கிட்டால், கோப்பு ஏறத்தாழ 8000க்கு 5700 பிக்சல் இருக்க வேண்டும். சிறிதாக வரைந்து பின்னர் பெரிதாக்கினால் கோடுகள் மங்கிவிடும்.

வரைவுக்கட்டணம், அட்டையைத் துண்டுகளாக வெட்டும் அச்சுக்கருவிக்கான செலவு போன்றவை எத்தனை பெட்டி விற்றாலும் மாறாதவை. அவற்றை, ஒரு பெட்டியின் விலையில் அதைத் தயாரிக்கும் செலவு போக மிஞ்சும் தொகையால் வகுத்தால், எத்தனையாவது பெட்டியிலிருந்து நிதி சேரத் தொடங்கும் என்பது தெரியும். அந்த எண்ணிக்கைக்கு முன்பதிவு வந்த பிறகே அச்சகத்துக்கு உத்தரவு கொடுங்கள். மொத்தமாக அச்சிடுமுன் ஒரு மாதிரியை வாங்கி, ஊர்க்காரர் ஒருவரை அடுக்கிப் பார்க்கச் சொல்லி, பெயர்ப் பிழைகளைத் திருத்துங்கள். சிறு துண்டுகள் தொண்டையில் அடைக்கக்கூடும் என்பதால், 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்ற எச்சரிக்கை பெட்டியில் இருக்க வேண்டும்.

மூன்றாவது கேள்விக்கு எழுத்திலான ஒப்பந்தமே விடை. ஓவியர் தம் உரிமையை முழுமையாகக் கைமாற்றுகிறாரா அல்லது புதிருக்கு மட்டும் அனுமதி தருகிறாரா, அதே படத்தை அஞ்சலட்டையாகவும் நாட்காட்டியாகவும் அச்சிடலாமா என்பதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். சில ஆண்டுகளில் புதுப் பாலமோ பள்ளியோ வந்துவிடும். மறுபதிப்பில் அதைச் சேர்க்கப் படத்தைத் திருத்தும் உரிமை யாருக்கு, அந்த வேலைக்கு என்ன கட்டணம், மூலக்கோப்பு யாரிடம் இருக்கும் என்பவற்றையும் முதல் ஒப்பந்தத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.