கண்ணை உருட்டாதீர்கள்: காதல் நாவல் எழுத வருபவர்களும் துணைநூல்களும்

அவன் ஏதோ கேலி செய்கிறான். கதாநாயகி 'கண்களை உருட்டினாள்'. அடுத்த பக்கத்தில் அவன் 'தோள்களைக் குலுக்கினான்'. அத்தியாயம் முடிவதற்குள் அவள் வயிற்றில் பட்டாம்பூச்சிகளும் பறந்துவிடும். செம்மையாக்கத்துக்கு வரும் காதல் கைப்பிரதிகளில் இதைத் திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது. எங்கிருந்து வருகிறது என்று ஆராயவே வேண்டாம். எழுதும் மேசையில் ஓர் ஆங்கில உணர்ச்சிக் கையேடு விரிந்து கிடக்கிறது.

குறை அந்தப் புத்தகத்தில் இல்லை. ஏஞ்சலா ஆக்கர்மேனும் பெக்கா புக்லிசியும் 2012இல் கொண்டுவந்த 'தி எமோஷன் தெசாரஸ்' நல்ல நூல். 2019இல் வந்த இரண்டாம் பதிப்பில் 130 உணர்ச்சிகள் உண்டு. வெளியே தெரியும் அசைவு, உடலுக்குள் உணர்வது, மனதில் ஓடுவது, முற்றினால் என்ன ஆகும், அடக்கிவைத்தால் எப்படிக் கசியும் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பட்டியல் இருக்கிறது. எல்லாரும் முதல் பட்டியலோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். காதல் கதைக்கு உயிர் கொடுப்பது அடக்கிவைத்தலைப் பற்றிய பட்டியல். ஆசையை உடனே முகத்தில் காட்டிவிடுகிற ஆளை வைத்துக்கொண்டு முன்னூறு பக்கம் எப்படி ஓட்டுவீர்கள்?

இதைவிட எரிச்சலூட்டுவது, அங்கே இருப்பதை அப்படியே தமிழாக்கி ஒட்டுவது. 'உடம்பு எல்லாருக்கும் ஒன்றுதானே' என்ற நினைப்பு. உடம்பு ஒன்றாக இருக்கலாம், அது பேசும் பேச்சு ஒன்றல்ல. ஆங்கிலத்தில் கண்ணை உருட்டினால் சலிப்பு. தமிழில் கண்ணை உருட்டினால் மிரட்டல். குழந்தையை அதட்டுகிறவர்தான் உருட்டி விழிப்பார். செல்லக் கோபம் கொண்டவள் கழுத்தை நொடிப்பாள், முகவாய்க்கட்டையைத் தோளில் இடித்துக்கொள்வாள். 'எனக்கென்ன தெரியும்' என்பதற்கு நாம் தோளைக் குலுக்குவதில்லை. உதட்டைப் பிதுக்குவோம், கையை விரிப்போம். வயிற்றுக்கும் நம்மிடம் வேறு கணக்கு: பயத்தில் புளியைக் கரைக்கும், பொறாமையில் எரியும், திருப்தியில் குளிரும். பட்டாம்பூச்சி பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. முதலில் புதிதாக இருந்தது, இப்போது ரப்பர் முத்திரை. ஆகவே கையேட்டில் 'கூச்சம்' என்று தேடுங்கள், அசைவைப் பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு உங்களுக்குத் தெரிந்த பெண் அந்த நேரத்தில் கையை எங்கே வைப்பாள் என்று யோசித்து எழுதுங்கள்.

இவ்வளவுக்கும் நம்மிடமே ஒன்று இருக்கிறது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல். தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோனது! மெய்ப்பாடு என்றால் உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவது. எட்டு மெய்ப்பாடுகள், ஒவ்வொன்றும் பிறக்க நான்கு காரணங்கள், ஆக 32. அழுகைக்கு மட்டும் பாருங்கள்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. அவமானப்பட்டு அழுவதும், இழந்து அழுவதும், இருந்த நிலை கெட்டு அழுவதும், இல்லாமையால் அழுவதும் வேறு வேறு அழுகை. 'அழுதாள்' என்று எழுதும் முன் இதில் எது என்று முடிவு செய்தால் வரி தானாக மாறும். காதல் அரும்பும் நிலைக்கு அது வரிசையாகத் தரும் முதல் நான்கு குறிகள்: புகுமுகம் புரிதல் (அவன் பார்வையில் பட விரும்புவது), பொறிநுதல் வியர்த்தல் (நெற்றி வியர்ப்பது), நகுநயம் மறைத்தல் (வரும் சிரிப்பை மறைப்பது), சிதைவு பிறர்க்கின்மை (மனத் தடுமாற்றத்தைப் பிறருக்குக் காட்டாமல் இருப்பது). நான்கில் இரண்டு மறைத்தல்! அடுத்த நான்கில்தான் கூந்தல் அவிழ்கிறது, அணிந்திருப்பதைக் கை தடவுகிறது. படிப்படியாக ஏற்றுவது எப்படி என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பாடம் கிடையாது. பழைய உரையாசிரியர்களான இளம்பூரணர் அல்லது பேராசிரியரின் உரையோடு படியுங்கள், மூலத்தை மட்டும் வைத்துக்கொண்டு திணறாதீர்கள்.

கதைக்கட்டுக்கு வருவோம். டெப்ரா டிக்ஸனின் 'ஜிஎம்சி' (1996), அதாவது கோல், மோட்டிவேஷன், கான்ஃப்ளிக்ட் (இலக்கு, காரணம், தடை), கேட்பது மூன்று கேள்விகள்: என்ன வேண்டும், ஏன் வேண்டும், எது தடுக்கிறது. ஒவ்வொன்றுக்கும் வெளிவாழ்க்கையில் ஒரு பதில், மனதுக்குள் ஒரு பதில். ஆளுக்கு ஆறு கட்டம், இருவருக்குப் பன்னிரண்டு. தடை என்ற கட்டத்தில் 'தவறாகப் புரிந்துகொண்டான்' என்று மட்டும் எழுதியிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்கிற தடையை இழுத்தால் வாசகர் உங்களைத்தான் திட்டுவார்.

க்வென் ஹேய்ஸின் 'ரொமான்சிங் தி பீட்' கதையை நான்கு கட்டங்களாகவும் இருபது திருப்பங்களாகவும் பிரிக்கிறது. முதல் கட்டத்தின் கடைசித் திருப்பத்தைத்தான் புதியவர்கள் கோட்டைவிடுகிறார்கள்: இருவரும் விலகிப் போய்விட முடியாதபடி ஏதோ ஒன்று கட்டிப்போட வேண்டும். அது இல்லாவிட்டால், பிடிக்காத ஆளோடு அவள் ஏன் ஐம்பது பக்கம் மல்லுக்கட்டுகிறாள்? இருபதையும் சம இடைவெளியில் அடுக்கிவிடாதீர்கள், ரயில் அட்டவணை மாதிரி இருக்கும். திறனாய்வில் ருசி உள்ளவர்களுக்கு பமேலா ரெஜிஸ் 2003இல் எழுதிய 'எ நேச்சுரல் ஹிஸ்டரி ஆஃப் தி ரொமான்ஸ் நாவல்' போதும். காதல் நாவலுக்கு எட்டு கூறுகள் சொல்கிறார், வரிசை மாறலாம் என்றும் சொல்கிறார்.

காதல் கைகூடியதும் கதை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் திருக்குறள் காமத்துப்பாலின் கணக்கைப் பார்க்கட்டும். 25 அதிகாரங்களில் களவுக்கு (மணத்துக்கு முந்தைய ரகசியக் காதல்) 7, கற்புக்கு (மணத்துக்குப் பிந்தைய வாழ்க்கை) 18. பிரிவும் ஏக்கமும் ஊடலும்தான் பெரும்பகுதி.

புத்தகங்களை ஒரே நாளில் வாங்கிக் குவிக்காதீர்கள். முதல் வரைவு முடியும்வரை உணர்ச்சிக் கையேட்டைத் திறக்கவே வேண்டாம். முடிந்ததும் கண், உதடு, மூச்சு, இதயம் நான்கையும் நான்கு வண்ணத்தில் குறியுங்கள். ஒரே பக்கத்தில் ஒரே வண்ணம் மூன்று முறை வந்தால் இரண்டை வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் ஓட்டை விழுந்தால் மட்டும் கையேடு. சொல்லில் சந்தேகம் வந்தால் 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி', அதன் எடுத்துக்காட்டு வாக்கியங்களுக்காகவே. கடைசியாக, தயவுசெய்து, அனுப்பும் முன் ஒருமுறை கணினியில் தேடுங்கள். 'உருட்டினாள்' என்று முழுச்சொல்லைத் தேடினால் 'உருட்டியபடி' தப்பிவிடும். 'உருட்ட', 'குலுக்க', 'பெருமூச்ச' என்று விகுதியை விட்டுத் தேடினால் எல்லாம் சிக்கும்.