கீச்சொலியின் சுருதி

மாட்யூல் என்ற தனித்தனிப் பெட்டிகளை வயரால் கோத்து ஒலி உண்டாக்கும் மின்னணு இசைக்கருவி மாடுலர் சிந்தசைசர். அதில் ஒரு மாட்யூலுக்குப் புது ஃபர்ம்வேர், அதாவது உள்ளே ஓடும் நிரல், ஏற்றிய இரவு அது. மாட்யூல்களை இணைக்கும் பேட்ச் கேபிள்களில் ஹெட்ஃபோனுக்குப் போகும் ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் பிடுங்கியாயிற்று. ஒலியளவுக் குமிழ் பூஜ்யத்தில். ஆனாலும் காதுக்குள் சன்னமாக ஒரு ‘ஈ…ங்’. முந்தின நாள் வரை அது இல்லை. ஒரு திருகைக்கூட நான் தொடவில்லை. மாறியது உள்ளே ஓடும் நிரல் மட்டும்.

நிரல் மாறினால் ஒலி மாறும், சரி. ஒலியே வேண்டாம் என்று குமிழை மூடிய பிறகும் கேட்கிறதே, அது எந்த வழியாக வருகிறது?

என்னுடையது யூரோராக் வகை. ஜெர்மனியில் டீட்டர் டோப்ஃபர் 1995 வாக்கில் கொண்டுவந்த ஏ-100 வரிசையிலிருந்து கிளைத்த முறை. ஒரே பெட்டிக்குள் பல மாட்யூல்கள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பவர் சப்ளை: +12, −12 வோல்ட், சிலவற்றுக்கு +5. மின்னோட்டம் திரும்பிப் போகும் கிரவுண்ட் வயரும் பொதுதான். வில்லங்கம் அங்கேதான் தொடங்குகிறது. வீட்டில் தண்ணீர் மோட்டார் போட்டதும் ஹாலில் ட்யூப்லைட் ஒரு கணம் மங்குமே, அதே கதை.

இங்கே மோட்டாரின் வேலையைச் செய்வது மாட்யூலுக்குள் இருக்கும் பிராசஸர். நொடிக்கு 48,000 சாம்பிள்கள், அதாவது ஒலி அலையின் அளவுப் புள்ளிகள், வேண்டும் என்றாலும் அவற்றை அது ஒவ்வொன்றாகக் கணக்கிடுவதில்லை. முப்பத்திரண்டு முப்பத்திரண்டாக மொத்தமாகப் போட்டுவிட்டு, அடுத்த தவணை வரும்வரை காத்திருக்கும். 48,000-ஐ 32-ஆல் வகுத்தால் 1500. பழைய ஃபர்ம்வேர் காத்திருக்கும் நேரத்திலும் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. அதனால் மின்னோட்டம் ஏறக்குறைய சீராக இருந்தது. புதியது வேலை முடிந்ததும் தூங்கப் போகிறது. மின்சாரம் மிச்சமாகும், நல்லெண்ணம்தான். ஆனால் மின்னோட்டம் இப்போது நொடிக்கு 1500 தடவை ஏறி இறங்குகிறது. 1500 ஹெர்ட்ஸ் என்பது காது நன்றாகப் பிடிக்கும் சுருதி.

எவ்வளவு சத்தம் வரும்? கிரவுண்ட் வயரின் தடை 0.1 ஓம், ஏற்ற இறக்கம் 50 மில்லிஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் 5 மில்லிவோல்ட். யூரோராக்கில் இசை சுமார் 10 வோல்ட் அகலத்தில் ஆடுகிறது. அதில் இது 2000-இல் ஒரு பங்கு, 66 டெசிபல் கீழே. பாட்டு ஓடும்போது தெரியாது. நின்றதும் காது அதையே பிடித்துக்கொண்டு விடாது. குமிழ் உதவாததற்கும் காரணம் இதுதான்: அந்தக் குமிழ் நிரலுக்குள் ஒரு பெருக்கல் எண் மட்டுமே. சத்தம் நுழைவதோ அதைத் தாண்டிய பிறகு, கிரவுண்ட் வழியாக.

ஆகவே முதலில் சத்தத்தின் சுருதியைப் பார்க்க வேண்டும். எந்தச் சுருதியில் எவ்வளவு ஒலி என்று காட்டும் ஒரு ஸ்பெக்ட்ரம் ஆப் போனில் இருந்தால் போதும். 50, 100 ஹெர்ட்ஸ் என்றால் வீட்டு மின்சாரத்தின் ஹம். எனக்கு 1500-இல் ஒரு முனை, அதன் மடங்குகளான 3000, 4500-இல் பேரப்பிள்ளைகள். கூடவே 1000-இல் தனியாக ஒன்று. இந்த ஆயிரம்தான் என்னை அரைமணி நேரம் அலையவிட்டது. கடைசியில் பார்த்தால், அப்டேட் ஏற்றிய யுஎஸ்பி கேபிளைக் கழற்றவே இல்லை! யுஎஸ்பியின் ஃபுல் ஸ்பீடு முறையில் மில்லிசெகண்டுக்கு ஒரு ஃபிரேம். கணினியின் கிரவுண்டும் சிந்தசைசரின் கிரவுண்டும் இரண்டு வழியாக இணைந்து வளையமாகிவிட்டால் அந்தத் துடிப்பு இசைக்குள் வந்துவிடும். கேபிளைப் பிடுங்கினேன், ஆயிரம் போயிற்று. 1500 அசையவில்லை.

எல்லாப் புகாரும் இந்த ரகமில்லை. கீச்சென்று இல்லாமல் சுருதியே கரகரத்து நடுங்கினால், குமிழையும், சுருதியைத் தீர்மானிக்க வெளியிலிருந்து வரும் கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தையும் நிரல் படிக்கும் விதத்தைச் சந்தேகிக்கலாம். 12 பிட்டில் 10 வோல்ட்டை 4096 படிகளாக வெட்டினால் ஒரு படி 2.4 மில்லிவோல்ட். ஆக்டேவுக்கு ஒரு வோல்ட் என்ற கணக்கில் அது சுமார் 3 சென்ட் (ஒரு ஆக்டேவில் 1200 சென்ட்). பழைய நிரல் பல அளவுகளைச் சராசரி எடுத்திருக்கும். புதியது வேகத்துக்காக அதைக் குறைத்திருந்தால் நடுக்கம் வெளியே தெரியும்.

பழைய ஃபர்ம்வேரை மறுபடி ஏற்றினேன்: அமைதி. புதியது: ‘ஈ…ங்’. இந்தப் போக்குவரத்தைச் செய்யாமல் ஃபர்ம்வேர் மேல் பழி போடக் கூடாது. மாட்யூலைக் கழற்றி மாட்டியதில் அதற்கு மின்சாரம் கொண்டுவரும் தட்டையான ரிப்பன் கேபிள் தளர்ந்திருந்தாலும் இதே மாதிரி சத்தம் வரும். ரிப்பனைத் தொடும்போது பவரை அணைத்துவிடுங்கள். சிவப்புக் கோடு −12 பக்கம். திருப்பிச் செருகினால் சத்தம் பற்றிய கவலையே இருக்காது, மாட்யூலும் இருக்காது.

ரிப்பனை சப்ளைக்குப் பக்கத்தில் இருந்த சாக்கெட்டுக்கு மாற்றினேன். பொது வயரின் நீளம் குறைந்ததால் கீச்சொலி பாதிக்குப் பாதி இறங்கியது. நல்லவேளையாக நிரலின் மூலம் பொதுவில் கிடைத்தது. தூங்கச் சொல்லும் அந்த ஒரு வரியை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினேன். ஹெட்ஃபோனில் வழக்கமான ‘ஸ்ஸ்’ மட்டும். முகப்புத் தகட்டில் கை வைத்துப் பார்த்தேன், பழையபடி வெதுவெதுப்பு.