சப்ஜாவும் திருநீற்றுப்பச்சையும்

ரோஸ் மில்க்கிலும் பலூடாவிலும் தவளை முட்டை போல மிதக்கிற கறுப்பு விதைக்குக் கடையில் வழங்கும் பெயர் சப்ஜா. பாரசீகத்தில் ‘சப்ஸ்’ என்றால் பச்சை. இந்திக்காரர்கள் காய்கறியை ‘சப்ஜி’ என்பதும் இந்த வேரிலிருந்துதான்.

பெயர்தான் இரவல், செடி நமக்குப் பழக்கமானது. துளசிக்கு நெருங்கிய உறவான திருநீற்றுப்பச்சையின் விதை இது. திருநீற்றுப்பச்சிலை என்றும் சொல்வார்கள். உருத்திரசடை என்றொரு பெயரும் உண்டு. பாரசீகச் சொல்லில் இருக்கும் அதே பச்சை தமிழ்ப் பெயரிலும் இருக்கிறது. ஆகவே திருநீற்றுப்பச்சை விதை என்று எழுதுவதே சரி. நீளமாக இருக்கிறது என்பவர்கள் பச்சிலை விதை என்று சுருக்க வேண்டாம். பச்சிலை எல்லா மூலிகைக்கும் பொது.

இலங்கைத் தமிழர் இதே விதையைக் கசகசா என்பார்கள். தமிழ்நாட்டில் கசகசா என்றால் குருமாவுக்கு அரைக்கும் வெள்ளை விதை. அது அபினிச் செடியில் விளைவது, எவ்வளவு ஊறினாலும் வழவழப்பு கட்டாது. ஐக்கிய அரபு அமீரகத்துக்குள் அதைக் கொண்டுபோகத் தடை இருப்பதால், பெட்டி கட்டும்போது இந்தப் பெயர்க் குழப்பம் விளையாட்டல்ல.

இப்போது இந்தக் குழப்பத்தில் சியா என்ற விதையும் சேர்ந்துகொண்டது. அது மெக்சிகோவின் நஹுவா மக்களுடைய ‘சியான்’. எண்ணெய்ப் பசையுள்ளது என்று பொருள் சொல்வார்கள். ஸ்பெயின் வழியாக அறிமுகமானதால் 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் அதற்கு ‘சால்வியா ஹிஸ்பானிகா’, அதாவது ஸ்பெயின் நாட்டுச் சால்வியா, என்று பெயரிட்டுவிட்டார். துளசிக் குடும்பம்தான், ஆனால் வேறு செடி. நம் மண்ணுக்கு உரியதல்லாத செடிக்குத் தமிழ்ப் பெயர் தேடி அலைய வேண்டியதில்லை. சியா என்றே இருக்கட்டும். அதைச் சப்ஜா என்பதுதான் பிழை.

பெயர் மாறினால் சத்துக் கணக்கும் மாறிவிடும். 100 கிராம் சியாவில் நார்ச்சத்து சுமார் 34 கிராம், சுண்ணாம்புச்சத்து 630 மில்லிகிராம். குருமா கசகசாவில் சுண்ணாம்புச்சத்து 1,400க்கும் மேல். யாரும் 100 கிராம் தின்னப்போவதில்லை; ஒரு மேசைக்கரண்டி 10 கிராம் என்று வைத்தால் சியாவில் 63 மில்லிகிராம்தான். சியாவின் பலம் அதன் ஒமேகா-3 கொழுப்பு: 100 கிராமில் ஏறக்குறைய 18 கிராம். திருநீற்றுப்பச்சை விதை எண்ணெயிலும் இந்தக் கொழுப்பு மிகுதிதான். அதற்காகச் சியாவின் எண்களை அப்படியே எடுத்துச் சப்ஜாப் பொட்டலத்தில் ஒட்டுவது முறையல்ல.

கையில் இருப்பது எது என்று சந்தேகம் வந்தால் நிறத்தைப் பாருங்கள். சப்ஜா ஒரே கறுப்பு. சியா சாம்பலும் வெள்ளையும் பழுப்புமாகப் புள்ளியிட்டது. அப்படியும் தெளியவில்லையா, ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போடுங்கள். சில நிமிடங்களிலேயே கண்ணாடி போன்ற உறை கட்டி உப்பினால் திருநீற்றுப்பச்சை. சியா நிதானமாகத்தான் ஊறும்.