கைது: சொல்லும் அதன் எல்லையும்

‘கை’யில் விலங்கு மாட்டுவதால் ‘கைது’ என்று பெயர் வந்தது என நம்புவோர் இன்றும் உண்டு. கேட்பதற்குப் பொருத்தமாக இருந்தாலும் அது உண்மையன்று. ‘கைத்’ என்பது அரபுச் சொல். குதிரை, ஒட்டகம் முதலியவற்றின் கால்களைப் பிணைக்கும் கட்டு என்பதும், பொதுவாகக் கட்டுப்படுத்துதல் என்பதும் அதன் பொருள்கள். பாரசீகத்திலும் உருதுவிலும் புகுந்து தமிழுக்கு வந்தபோது, வல்லின மெய்யில் சொல் முடிவதைத் தமிழ் ஒப்பாது என்பதனால், ஈற்றில் ஓர் உகரத்தைப் பெற்றுக்கொண்டது. ‘ரத்து’ வந்த வழியும் இதுவே.

தஞ்சைப் பகுதியில் 1676 முதல் மராட்டியர் ஆட்சி நடந்தது. இடையில் ஆர்க்காட்டு நவாபின் படை தஞ்சையைச் சில ஆண்டுகள் பிடித்து வைத்திருந்தது. 1799-இல் நிர்வாகம் கிழக்கிந்தியக் கும்பெனியின் கைக்குப் போயிற்று. யார் ஆண்டாலும் கச்சேரியில், அதாவது அரசு அலுவலகத்தில், புழங்கிய சொற்களில் பெரும்பங்கு பாரசீகமும் அரபும்தான். வசூல், பாக்கி, ஜப்தி, ஜாமீன், தாக்கீது, வக்கீல், தாசில்தார் என்று நிலவரி கட்டிய குடியானவன் காதில் விழுந்த சொற்களின் கூட்டத்திலேயே கைதும் இருந்தது. இவற்றுள் ஜாமீனுக்குப் ‘பிணை’ நிலைபெற்றுவிட்டது. கைதுக்கு அப்படி ஒன்று நிலைபெறவில்லை.

நிலைபெறாததற்குக் காரணம், தமிழில் இச்சொல் பொருள் மாறியது என்று நினைக்கிறேன். இந்தியிலும் உருதுவிலும் ‘கைத்’ என்றால் சிறைவாசம். ஒருவரைப் பிடிப்பதற்கு அங்கே ‘கிரஃப்தாரி’ என்று வேறு சொல் இருக்கிறது. தெலுங்கில் ‘கைது’ம் சிறைவாசத்தையே குறிக்கும். தமிழிலோ அது சிறைக்கு முந்தைய நிலையான பிடித்தலைக் குறிக்கலாயிற்று. ‘கைதி’ மட்டும் பழைய பொருளிலேயே நின்று, சிறையில் இருப்பவரைச் சுட்டுகிறது.

டெல்டாவில் இச்சொல் இன்னும் சற்று நெகிழ்ந்திருக்கிறது. காவிரி நீர் கேட்டு மறியலில் உட்காரும் விவசாயிகளை வேனில் ஏற்றி, ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்து, மதியம் சாம்பார் சாதப் பொட்டலம் கொடுத்து, மாலையில் அனுப்பிவிடுவார்கள். மறுநாள் செய்தியில் அது ‘கைது’ என்றே வரும். நள்ளிரவில் கதவைத் தட்டி ஒருவரை அழைத்துக்கொண்டு போனால் அதற்கு ‘விசாரணை’ என்று பெயர். முன்னதில் சொல் பெரிது, செயல் சிறிது; பின்னதில் நேர்மாறு. இவ்விரண்டுக்கும் நடுவே சட்டம் சொல்லும் கைது எது என்பது வாசகருக்குப் புலப்படுவதே இல்லை.

வெளிநாட்டுச் செய்தியைத் தமிழில் சொல்லும்போது இந்நெகிழ்ச்சி பெரிய குழப்பமாகிறது. 2024 செப்டம்பர் 8 அன்று, மியாமி டால்பின்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து வீரர் டைரீக் ஹில்லை, ஆட்டம் நடக்கவிருந்த அரங்கத்துக்கு அருகிலேயே போக்குவரத்துக் காவலர்கள் மறித்தனர். அவர் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டதில் வாக்குவாதம் முற்றி, அவரை வெளியே இழுத்துக் குப்புறக் கிடத்தி, கைகளைப் பின்னால் வளைத்து விலங்கிட்டனர். பின்பு அபராதச் சீட்டுக் கொடுத்து விட்டுவிட்டனர். அன்றைய ஆட்டத்திலேயே அவர் களமிறங்கி, புள்ளி எடுத்தபின் கைகளை முதுகுக்குப் பின்னால் சேர்த்து, விலங்கிட்டதுபோல் நடித்துக் காட்டினார். காவலர்கள் அணிந்திருந்த கேமராப் பதிவு மறுநாள் வெளியானதும், அவர் ஒத்துழைக்கவில்லை என்று ஒரு சாராரும், அதற்கு இவ்வளவு முரட்டுத்தனம் தேவையா என்று மறு சாராரும் வாதிட்டனர். அவருடைய அணியே ‘சிறிது நேரம் தடுத்து வைக்கப்பட்டார்’ என்றுதான் அறிவித்தது. அமெரிக்கச் சட்டத்தில் சாலையில் ஒருவரைச் சிறிது நேரம் நிறுத்தி வைப்பது ஒரு நிலை, கைது வேறொரு நிலை. விலங்கு மாட்டியதனாலேயே முன்னது பின்னதாகிவிடாது.

அதே ஆண்டு மே 17 அன்று லூயிவில் நகரில் கோல்ஃப் வீரர் ஸ்காட்டி ஷெஃப்லருக்கு நேர்ந்தது ஐயத்துக்கு இடமில்லாத கைது. காவல் அதிகாரியைத் தாக்கியதாக வழக்குப் பதிந்து, கைரேகையும் புகைப்படமும் எடுத்து, அதன் பிறகே விடுவித்தனர். அவரைப் பிடித்த அதிகாரி தம் கேமராவை இயக்கியிருக்கவில்லை. மே 29 அன்று வழக்கு தள்ளுபடியாயிற்று. இருவர் கதையையும் ‘கைது’ என்ற ஒரே சொல்லில் அடக்கினால், ஒருவர்மீது குற்ற வழக்கே இல்லாமல் நடந்த வன்மையும், மற்றவர்மீது சுமத்திப் பின் கைவிட்ட குற்றச்சாட்டும் ஒன்றாகக் கலந்துவிடும்.

நம் சட்டத்திலும் கைதுக்கு எல்லை உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46-ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தின் 43-ஆம் பிரிவும், சொல்லாலோ செயலாலோ ஒருவர் தாமாக உட்பட்டாலன்றி, அவர் உடலைத் தொட்டோ அடைத்தோ கைது செய்யவேண்டும் என்கின்றன. காரணத்தைச் சொல்லவேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தவேண்டும் என்பது அரசமைப்பின் 22-ஆம் உறுப்பு. கைதுக் குறிப்பு எழுதிச் சாட்சியின் கையொப்பம் பெறவேண்டும், உறவினருக்குத் தெரிவிக்கவேண்டும் என்பன 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தவை. மண்டபத்துக் ‘கைது’களில் இவற்றுள் எத்தனை நடக்கின்றன என்று போய்வந்தவர்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘தளை’ அரபு மூலத்துக்கு மிக நெருங்கியது. அதுவும் காலைப் பிணைக்கும் கட்டுத்தான். ஆனால் கட்டு இல்லாமலும் கைது நிகழும் என்பதால் ‘தளைப்படுத்தல்’ பொருளை மிகுத்துவிடுகிறது. ‘சிறைபிடிப்பு’ இன்று வேறு மணம் பெற்றுவிட்டது. மணல் லாரியை ஊரார் மறித்து வைத்தால் சிறைபிடிப்பு. நாகை மீனவர்களை இலங்கைக் கடற்படை கொண்டுபோனாலும் சிறைபிடிப்பு. பிடித்தவரின் உரிமையை ஏற்காதவர் எழுதும் சொல்லாக அது ஆகிவிட்டது.

எனக்கு உகந்த சொல் இம்மண்ணிலேயே கிடைக்கிறது. சோழன் செங்கணானிடம் தோற்ற சேரமான் கணைக்கால் இரும்பொறை குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடந்ததைச் சொல்லும் புறநானூற்று 74-ஆம் பாட்டின் அடிக்குறிப்பு, அவன் ‘பற்றுக்கோட்பட்டு’ இருந்தான் என்கிறது. அக்குடவாயிலை இன்றைய திருவாரூர் மாவட்டத்துக் குடவாசல் என்று கொள்வர். கேட்ட தண்ணீர் உடனே கிடைக்காமல் பின்னர் கிடைத்தபோது, அதைக் கையில் வைத்துக்கொண்டு குடியாமலே அவன் உயிர்விட்டான். பாட்டில் அவனை உறுத்துவது தோல்வியைவிட, சங்கிலியில் கட்டிய நாய்போல வருத்தி, தண்ணீரை இரந்து பெறவைத்த நடத்தையே. பற்றுதல் என்பது தொட்டுப் பிடித்தல். சட்டம் சொல்லும் கைதின் இலக்கணமும் அதுவே. ‘போலீஸ் புடிச்சிட்டுப் போயிட்டாங்க’ என்னும் ஊர்ப்பேச்சும் அதே வினையைத்தான் எளிய உருவில் வைத்திருக்கிறது.

‘பற்றுக்கோள்’ செய்தித்தாளில் ஏறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ‘பற்றுக்கோடு’ என்றால் ஆதரவு என்றே இன்று பொருள்படும் என்பதும் அதற்கு ஒரு தடை. ஆகவே குற்றச்சாட்டின் பேரில் முறைப்படி பிடிப்பதற்குக் ‘கைது’ இருக்கட்டும். மறித்து நிறுத்துவதற்கும் மண்டபத்தில் உட்காரவைப்பதற்கும் ‘தடுத்துவைப்பு’ என்று எழுதலாம். ‘கைதி’க்குச் ‘சிறைவாசி’ என்று எழுதும் வழக்கம் இப்போது பரவிவருகிறது, அதில் பாதி வடசொல் என்றாலும்.