ஸ்கிரீன்பிரிண்ட்: பட்டும் வேண்டாம், திரையும் வேண்டாம்

சலவைக்கடை நாற்காலியில் அசந்து சாய்ந்திருக்கும் ஒரு பெண். சமகால ஸ்கிரீன்பிரிண்ட். அதன் தமிழ்க் குறிப்பில் ‘பட்டுத்திரை ஓவியம்’ என்று போட்டிருக்கிறார்கள். இந்தச் சொல்லை இன்னும் எத்தனை தடவைதான் சகித்துக்கொள்வது? படிப்பவர் பட்டுத்துணியில் வரைந்தது என்றுதான் நினைப்பார். அதுவோ காகிதத்தில் அச்சானது.

ஸ்கிரீன் என்பது இங்கே சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி. மை படக்கூடாத இடங்களில் அதன் கண்களை அடைத்துவிட்டு, ரப்பர் பட்டையால் மையை இழுப்பார்கள். திறந்த கண்கள் வழியே மை காகிதத்தில் இறங்கும். வழக்கமாக நிறத்துக்கு ஒரு வலை. அந்தப் பெண்ணின் கருவளையத்துக்கே தனி வலை பிடித்திருக்கலாம்.

அந்த வலை ஒரு காலத்தில் பட்டாக இருந்தது உண்மைதான். 1940 வாக்கில் அமெரிக்கரான கார்ல் சிக்ரோசர், கடை விளம்பர அச்சிலிருந்து கலைஞர்களின் அச்சைப் பிரித்துக் காட்ட, பட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லையும் எழுதுவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் ஒட்டிய ‘செரிகிராஃப்’ என்ற பெயரைப் பரப்பினார். இன்று வலை பெரும்பாலும் பாலியெஸ்டர். இல்லாத பட்டைத் தமிழில் புதிதாக எதற்குக் கொண்டுவர வேண்டும்?

சரி, பட்டை விட்டுவிட்டுத் ‘திரை அச்சு’ எனலாமே என்பார்கள். அது இன்னும் மோசம். தமிழில் திரை மறைப்பது. இந்த வலையின் வேலையோ மையை விடுவது. போதாததற்கு, திரை என்றதும் இன்று சினிமாவும் கைபேசியும்தான் நினைவுக்கு வரும். கணினித் திரையைப் படம்பிடித்து அச்செடுத்தது என்று ஒருவர் புரிந்துகொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. நரை, திரை என்கிற சுருக்கம் வேறு இருக்கிறது. அசந்த முகத்துக்கு வேண்டுமானால் அது பொருந்தும்!

ஜெர்மானியர்கள் இதைச் ‘சீப்டுருக்’ என்கிறார்கள், அதாவது சல்லடை அச்சு. வேலை நடக்கும் விதம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. என் ஓட்டும் ‘சல்லடை அச்சு’க்குத்தான். மாவு சலிக்கிற சாமான் கலைக்கு மரியாதைக் குறைவு என்பவர்கள், திருப்பூர் பனியன் பட்டறைக்காரர்களைப் போல ‘ஸ்கிரீன் பிரிண்டிங்’ என்றே எழுதட்டும், அதுவாவது புரியும்.

அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்கள் இதோடும் நிறுத்துவதில்லை. அச்சின் ஓரத்தில் பென்சிலால் 12/50, அதாவது ஐம்பது அச்சுகளில் பன்னிரண்டாவது, என்று எழுதியிருந்தால் ‘நகல் 12’ என்கிறார்கள். நகல் என்றால் மூலம் எங்கே? ஐம்பதுமே மூலம்தான் ஐயா.